முதலில் மாடிப்படி

புரட்டாசி 5, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். பஸ் இல்லை. இட ஒதுக்கீட்டு மறியல் இன்னும் ஓயவில்லை. சேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். ஆபீசுக்கு நடை. வழியில் செருப்பு வார் அறுந்தது.

ஆபீசில் நானும் எஞ்சினியர் சாரும் மட்டும். கல்வராயன் மலையில் கட்டும் மாணவர் விடுதியின் வரைபடங்களுக்கு மை ஏற்றினேன். கழுத்து வலி.

மதியம் மேஸ்திரி காசி வந்தார். விடுதி வேலைக்கு ஆள் கூட்டிப் போகிறவர், நைனார்பாளையத்துக்காரர். சட்டையெல்லாம் சேறு. சித்தாள் பழனியம்மா சாரத்து ஏணியிலிருந்து விழுந்துவிட்டாளாம். ரோடு அடைப்பு, அதனால் மாட்டுவண்டியில் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்.

"செங்கல்ல தலைல வச்சிக்கினு ஏறிக்கினு இருந்துச்சிங்க. ஈரம், வழுக்கிடுச்சி. இன்னும் தளம் போடணும். அத்தினி பொம்பளைங்களும் கலவை சட்டியோட அந்த ஏணிலதான் ஏறணும். மாடிப்படிய முன்னாடியே போட்டுட்டா அதுலயே ஏறிக்குவாங்க. படத்துல கடைசின்னு இருக்குது, காண்ட்ராக்டரு மாட்டேன்றாரு."

சார் நிமிரவில்லை. "கட்டடம் நிக்குமான்னு பாக்கறதுதான் என் வேலை. நீங்க எதுல ஏறனா எனக்கு இன்னாய்யா?"

புரட்டாசி 6, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாதிக் கடை அடைப்பு, பன்தான் கிடைத்தது. பழனியம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. என் வயதுதான் இருக்கும்.

"படம் போடற அம்மாவா நீங்க? பசங்க தங்கற ரூமுக்கு ஜன்னல் நல்லா பெரிசா வச்சிருக்கீங்க" என்றாள். அவளுக்குக் கோபமே இல்லை. எனக்குத்தான்.

சாயங்காலம் சாரிடம் நானும் கேட்டேன். ஒரு பைசாகூட அதிகம் ஆகாது சார், வேலை வரிசை மட்டும்தான் மாறும்.

"மறியல் முடியட்டும், நேர்ல போய் பாக்கலாம்."

மறியல் இல்லாத நாளிலும் மலை ஏறாதவர். சொந்த வீடு கட்டியபோது மட்டும் மாடிப்படிதான் முதலில் வந்தது. அவர் சம்சாரம் மேலே ஏறிப் பார்க்க வேண்டுமாம். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும்.

புரட்டாசி 7, புதன்

பால் வரவில்லை. கடுங்காப்பி. வாங்க வேண்டியது: விளக்குத்திரி, ஊசி, அப்பாவுக்கு இருமல் மருந்து.

டீக்கடையில் யாரோ: "மரத்தயெல்லாம் தள்ளிக்கினு இருக்காங்க. ரெண்டு நாள்ல பஸ்ஸு வுட்ருவான்."

பஸ் விட்டால் சிமெண்டும் மலைக்குப் போகும். போனதும் தளம் போடுவார்கள். அதற்குள் திருத்திய படம் போக வேண்டும்.

காலை முழுக்க அதே யோசனை. வேலை போனால் அப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? பயமாகத்தான் இருந்தது. சார் சாப்பிடப் போன நேரத்தில் "மாடிப்படி கடைசியில்" என்ற வரியை பிளேடால் சுரண்டினேன். அதே இடத்தில்: "தளத்துக்கு முன் மாடிப்படி, கைப்பிடிச் சுவருடன். ஆட்கள் இதில்தான் ஏற வேண்டும்." எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

புரட்டாசி 9, வெள்ளி

வெயில். பஸ் ஓடுகிறது. அலுப்பு மட்டும் போகவில்லை.

படத்தை சார் மேஜையில் வைத்தேன். கேட்டால் சொல்வதற்குப் பதிலெல்லாம் தயார். சார் போனில் யாரிடமோ வெட்டுப்பட்ட மரங்களுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையெழுத்து போட்டார். படத்தைப் பார்க்கவே இல்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷமாக நான் நீட்டியதிலெல்லாம் இப்படித்தான் போட்டிருக்கிறார் என்று தோன்றியது. தண்ணீர் குடித்துவிட்டுப் பிரிண்ட் எடுக்கப் போனேன்.

வாசலில் காசி. சுருளைக் கையில் கொடுத்தேன்.

"சாரு ஒத்துக்கினாராம்மா?"

"கையெழுத்து போட்டுட்டாரு."

சார் அறைப் பக்கம் திரும்பி காசி ஒரு கும்பிடு போட்டார். "நல்ல மனுசரும்மா. பழனியம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் மலைக்குப் போவேன்."