எட்டாம் இலக்கப் பிள்ளையின் நட்சத்திரம்

ஒக்டோபர் 12, சனி. ஓஸ்டர்முண்டிகன்.

படுத்தும் நித்திரை வரவில்லை. எழும்பி இருந்து எழுதுகிறேன்.

இன்று ரக்பியில் மகன் கவினின் பள்ளிக்கூடம் இரண்டு புள்ளியால் வென்றது. வருடா வருடம் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திடம் தோற்பதுதான் வழக்கம். இந்த முறை அவர்கள் தோற்கவேண்டும் என்று நேற்றுக் கோயிலில் வாய்விட்டே கேட்டிருந்தேன்.

கடைசி நிமிடத்தில் கவின் விழுந்தான். அவன்மேல் நாலைந்து பேர் விழுந்தார்கள். பந்து உருண்டு அவர்களுடைய எட்டாம் இலக்கச் சட்டை போட்ட பிள்ளையிடம் போனது. முன்னால் ஒருவரும் இல்லை. ஓடிப்போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் நிலத்தில் வைத்திருந்தால் வெற்றி அவர்களுக்கு. அவன் ஓடவில்லை. பந்தைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கி நடுவரைக் கத்திக் கூப்பிட்டான். எல்லாரையும் எழுப்பிப் பார்த்தால், அடியில் கவின் மூச்செடுக்க முடியாமல் கிடந்தான்.

இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்... வேண்டாம், அதை எழுதமாட்டேன்.

இரவு சாப்பிடும்போது கவினிடம் சொன்னேன்: "அந்தப் பெடியன்ர பேரும் நட்சத்திரமும் கேட்டுச் சொல்லு. நாளைக்கு அர்ச்சனை செய்யவேணும்."

"பேர் லூக்கா. அம்மா, உங்களுக்கென்ன விசரோ? வெள்ளைக்காரருக்கு நட்சத்திரமெல்லாம் தெரியாது."

நான் கேட்டபடியே அந்தப் பிள்ளை தோற்றான். என் பிள்ளை அடுத்த அறையில் குறட்டை விடுகிறான்.

நாளை ஐயர் நட்சத்திரம் கேட்பார். பூசம் என்று சொல்லுவேன். அது கவினுடையது. இரண்டு பேருக்கும் போதும்.