குளக்கட்டை வெட்டிய அன்று

மங்காஃப், குவைத்
டிசம்பர் 19

அன்புள்ள கஜானிக்கு,

நலமா என்று கேட்கும் உரிமையை நான் இழந்து பதினாறு நாள் ஆகிறது. நீர் எடுத்த அழைப்புகள் எல்லாம் என் போனில் சிவப்பாகக் கிடக்கின்றன. ஒரு வெள்ள முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குப் போகும் வழியில் ஐந்து நிமிடம் கிடைத்தபோது எடுத்திருப்பீர். பேச வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். என் அறையில் இருக்கும் சுகிர்தன் நாளை லீவில் ஊருக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உடம்பு அலுத்துப்போய்விட்டது. ஸ்டோரில் பெட்டிகளை எண்ணத் தொடங்கினால் பாதியில் மறந்துபோகிறது. அண்ணையின் செத்தவீட்டுக்கு லீவு கேட்டேன். தாய் தகப்பன், மனைவி பிள்ளை என்றால்தான் அவசர லீவு, சகோதரனுக்கு மாஃபி, கிடையாது என்று மானேஜர் சொல்லிவிட்டார். பெப்ரவரிக்கு எழுதித் தந்திருக்கிறார்கள்.

உம்மைச் செய்தியில் பார்த்தேன். மாவட்ட அரசாங்க அதிபர் என்று கீழே போட்டிருந்தது. சேற்றில் நின்று, கிணறு இறைக்கும் இயந்திரம் எப்போது வரும் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தீர். குரல் அடைத்திருந்தது. புயலுக்குப் பிறகு நீர் ஒரு நேரமாவது இருந்து சாப்பிட்டதாக முகத்தில் தெரியவில்லை. பின்னால் நின்ற ஒருவர், "புருசன்ர தமையனையே தண்ணியில விட்டவ" என்று சொன்னதும் பதிவாகியிருந்தது. நீர் திரும்பிப் பார்க்கவில்லை.

புயல் மழையில் நிரம்பிய நாவலடிக்குளம் தானாக உடைந்தால் டவுனும் ஆஸ்பத்திரியும் போய்விடும். ஆலடிப்புலவுப் பக்கம் குளக்கட்டை வெட்டினால் வயலும் எண்பது வீடும் போகும். நீர் வெட்டச் சொன்னீர். அதற்கு முன் நான்கு மணித்தியாலம் ஒலிபெருக்கியும் டிராக்டரும் அனுப்பிச் சனத்தை வீடுகளிலிருந்து எழுப்பினீர். எல்லாரும் போனார்கள். இராஜரத்தினம் அண்ணை மட்டும் வள்ளிநாயகி அண்ணியை டிராக்டரில் ஏற்றிவிட்டு மாடுகளோடு நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று ஊரில் எவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் அவர் எனக்குப் போன் எடுத்தார். "உன்ர மனுசி கட்டை வெட்டப்போறாவாம், உண்மையோடா" என்று கேட்டார். நான் லொறிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு நின்றேன். "சும்மா வெருட்டித்தான் சனத்தை எழுப்புவினம் அண்ணை. உங்கட வீடு அங்க இருக்கெண்டு அவவுக்குத் தெரியும்தானே, அவ வெட்டவிடமாட்டா" என்றேன். அப்ப சரி என்று வைத்துவிட்டார். இரண்டு நிமிடம்கூட இல்லை.

இதை நான் எவரிடமும் சொல்லவில்லை. சொந்தக்காரர் வீட்டில் நடந்த செத்தவீட்டில், படலை வாசலோடு அண்ணி உம்மைத் திருப்பி அனுப்பினா என்று கேள்விப்பட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. உம்மில் கோபமாக இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

சுகிர்தன் இவ்வளவு நாளும் போன் வந்தால் மொட்டைமாடிக்குப் போய்த்தான் கதைப்பான். முந்தநாள் படியேறும்போது அவன் போனில் கைக்குழந்தை அழுவது கேட்டது. வெள்ளத்தன்று அவன் மனைவி அந்த டவுன் ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெற்றிருக்கிறாள். "உங்கட துக்கத்துக்குள்ள எப்பிடியண்ணை சொல்லுறது" என்று தலையைக் குனிந்துகொண்டான். படத்தைக் காட்டச் சொன்னேன். பெண் பிள்ளை, தலை நிறைய மயிர். பார்த்துக்கொண்டே அழுதேன். அண்ணைக்காக அழுகிறேன் என்று நினைத்து அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

நேற்று அண்ணிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். முகாமில் யாரோ சாப்பாட்டுக்குப் பேர் கூப்பிடும் சத்தம்தான் கேட்டது. பிறகு, "நான் கஜானிப் பிள்ளையை வாசல்ல வைச்சு என்னவெல்லாம் சொல்லிப்போட்டன்" என்றா. இனி எடுக்க வேண்டாம் என்று வைத்துவிட்டா.

அவ உம்மைத் தேடி வரலாம், வராமலும் விடலாம். வந்தால் அலுவலகத்தில் காத்திருக்க வைக்காமல் வீட்டுக்குக் கூட்டிப்போய், நீரும் கூட இருந்து சாப்பிடும்.

நேரத்துக்கு நித்திரை கொள்ளும். நீர் யாரையும் சாகவிட்டவர் இல்லை. அதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கடவுள் உம்மைக் கைவிடாமல் இருக்கட்டும்.

பெப்ரவரியில் வந்ததும் முதலில் அண்ணியின் முகாமுக்குப் போவேன். அங்கிருந்து நான் எங்கே வருவது என்று நீர்தான் சொல்ல வேண்டும்.

உம்முடைய
வசீகரன்