சிவப்புத் துணி கட்டிய இடம்

ஜூலை 8, செவ்வாய்
குற்றாலத்தில் சாரலாம். எங்கள் ஊருக்குக் காற்று மட்டும். கல்லூரி டிபார்ட்மெண்டில் கெஞ்சி வாங்கி வந்த, நில அதிர்வைப் பிடிக்கும் ஜியோபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு வயலுக்கு. பூமிக்குள் எண்ணெய் தேடுகிற படிப்பு, இரண்டாம் வருடம் தொடங்கப்போகிறது. இதுவரை ஒரு சர்வே லைன்கூடத் தனியாகப் போட்டதில்லை.

வரப்போரம் வரிசையாக ஜியோபோன், பக்கத்தில் ஒவ்வொரு மஞ்சள் கொடி. ஒரு கொடி குறைந்தது. பையில் அம்மாவின் ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சிய சிவப்புத் துணி கிடந்தது. அதைக் கட்டினேன், சித்தப்பா நிலத்து ஓரமாக. அப்பா இரும்புத் தகட்டில் சுத்தியலால் அடிக்க, அதிர்வு பாறை வரை போய்த் திரும்புவது லேப்டாப்பில் கோடுகளாக. காற்றால் பாதி வெறும் இரைச்சல். கொடிகள் அங்கேயே. நாளை மறுபடி.

ஜூலை 9, புதன்
டீக்கடையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்களாம். "அண்ணாச்சி, எண்ணெய் கம்பெனிக்கு நெலத்த அளந்து குடுக்கீயளாமே? ஒம்ம மவ அதுக்குத்தான படிக்கா?"

அப்பா வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். "அதெல்லாம் இல்லவே. எம்மவ தண்ணி பாக்குதா."

எனக்குச் சிரிப்பு. இங்கே கீழே பழைய கெட்டிப் பாறை, எண்ணெய்க்கு வழியே இல்லை. அதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். தண்ணீர் என்றதும் நம்பிவிட்டார்கள்.

மதிய ரீடிங் பரவாயில்லை. வாங்க வேண்டியது: பேட்டரி, டேப், தலைக்கு எண்ணெய்.

ஜூலை 11, வெள்ளி
அம்மாவுடன் குற்றாலம். ஐந்தருவியில் கால் வைக்க இடமில்லை, குளிக்காமல் ரம்புட்டான் மட்டும் வாங்கித் திரும்பினோம். பஸ்ஸில் அம்மா சாதாரணமாக: "ஒங்க சித்தப்பா திங்கக்கெழம போர் போடுதாவ. ஆடி பொறக்குறதுக்குள்ள போட்ரணுமாம். நீ செவப்புத் துணி கட்டின எடத்துலதான்."

"எதுக்கு அங்கன?"

"மத்ததெல்லாம் மஞ்ச, அது மட்டும் செவப்பு. தண்ணி அங்கனதான்னு நீ அடையாளம் வச்சிருக்கியாம்."

அதற்குப் பிறகு ரம்புட்டான் இறங்கவில்லை. சித்தப்பாவுக்கு இது மூன்றாவது போர். முதல் இரண்டிலும் புழுதிதான். இதுவும் போனால் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விடுவேன் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 12, சனி
சித்தப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று காலையில் அப்பாவிடம் சொன்னேன்.

"அங்கன தண்ணி இல்லன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இருக்குன்னு?"

"அதுவும் தெரியாதுப்பா. பாறை எவ்வளவு ஆழத்துல இருக்குன்னுதான் ஓரளவு தெரியும்."

"பெறகு என்னட்டி? வந்தாலும் வரும். பேசாம இரு."

அவர் சங்கடம் புரிகிறது. நான் வாயைத் திறந்தால் அவர் சொன்ன பொய் ஊருக்கே தெரியும், தம்பி முன்னால் தலை குனிய வேண்டும். ஆனால் வகுப்பில் எந்தப் படம் போட்டாலும், இது எவ்வளவு தூரம் தப்பாகலாம் என்று பக்கத்திலேயே எழுதச் சொல்வார்கள். அதில்லாமல் மார்க் கிடையாது. இங்கே "தெரியாது" என்றால் படிக்காத மாதிரி ஆகிவிடுகிறது.

சாயங்காலம் தனியாக வயலுக்கு. சித்தப்பா அங்கேதான். சிவப்புத் துணியடியில் மஞ்சளில் பிடித்த பிள்ளையார், செவ்வந்திப் பூ.

"சித்தப்பா, மஞ்சக் கொடி தீந்துபோச்சு. அதான் அம்மா ஜாக்கெட்டுத் துணியக் கட்டினேன். வேற ஒண்ணுமில்ல."

அவர் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி பாக்குதான்னு எங்கண்ணன் சொன்னானே?"

"தண்ணி இருக்கா இல்லியான்னு எனக்குத் தெரியாது."

"இம்புட்டு படிச்ச ஒனக்குமா தெரியாது?"

"தெரியாது சித்தப்பா."

அழுதுவிட்டேன். இருட்டப்போகிறது என்று வீட்டு முக்கு வரை கூடவே வந்தார். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு
காலை நல்ல வெயில். சித்தப்பா வந்தார். போர் வண்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஆடி கழியட்டும், பார்ப்போம் என்றார். திருப்பூர் பேச்சை எடுக்கவில்லை. அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்புத் துணியை எடுத்து அப்பா முன்னால் வைத்தார். ஓரத்தில் மஞ்சள் கறை.

"மதினி ஜாக்கெட்டுத் துணி. குடுத்துரு அண்ணே."

வாசலில் செருப்பு மாட்டும்போது இன்னொன்றும் சொன்னார். "டீக்கடையில இன்னும் ரெண்டு பேரு ஒன் மவளக் கூட்டிட்டுப் போய் எடம் பாக்கணும்னு நிக்கானுவ. பாத்துக்கோ."

அப்பா துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, "பால் வாங்கிட்டு வாரேன்" என்று டீக்கடைப் பக்கம் நடந்தார்.

பால் விடிந்ததுமே வாங்கியாச்சு. அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.