கம்பளத்தின் வெளிச்ச முனை

அபாதான்
23 ஆகஸ்ட் 1990

அன்புள்ள சோனா அண்ணிக்கு,

அராஸ் எழுதுவது. நலம். இங்கே இரும்பைத் தொட்டால் தோல் உரிகிற வெயில். குண்டு விழுந்த எண்ணெய் ஆலையில் குழாய்களைத் தட்டித் தட்டிப் பார்த்து, ஓசை கெட்டதை வெட்டிப் போடுகிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஈராக்கிலிருந்து கைதிகள் பேருந்து பேருந்தாக வருகிறார்கள், அண்ணனும் வந்துவிடுவார், அதற்குள் முன்னறைக்குச் சிவப்புக் கம்பளம் வாங்க வேண்டும் என்கிறீர்கள். நேராகச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். சாபிர் அண்ணன் மஜ்னூன் சதுப்புச் சண்டையில் காணாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரு வரிச் செய்தி இல்லை. வானொலியில் வாசிக்கிற பெயர்களிலும் இல்லை. வந்தபின் வாங்கலாமே, அவரே பார்த்து எடுப்பாரே.

கேட்க மாட்டீர்கள், தெரியும். அதனால் வாங்குகிற விதத்தையாவது கேளுங்கள். வெள்ளைத் துணியை நனைத்துச் சிவப்பின் மேல் தேயுங்கள். துணியில் சாயம் ஏறினால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பக்கத்தைப் பார்த்து மயங்காமல் திருப்பிப் போட்டு முடிச்சைப் பாருங்கள். கையால் நெய்தது என்றால் முடிச்சுகள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். அச்சடித்தது போல ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். சுவர் வரை முட்டுகிற அளவு வேண்டாம். சுற்றிலும் ஒரு சாண் தரை தெரிந்தால்தான் சிவப்பு எடுப்பாக இருக்கும். திரை கோதுமை நிறம், சாய்வு மெத்தைகள் கருநீலம் என்று இருக்கட்டும். சிவப்புக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்பை வைத்துக் கெடுக்காதீர்கள். எதுவானாலும் கடை விளக்கை நம்ப வேண்டாம். வீட்டில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் கொழுந்தன்,
அராஸ்

தப்ரீஸ்
3 செப்டம்பர் 1990

என் அன்புத் தம்பி அராஸுக்கு,

உன் கண்களில் முத்தங்கள். கம்பளத்துக்குப் பாதிக் கடிதம், கூடப் பிறந்தவருக்கு நாலு வரி. இருக்கட்டும், உன் குணம் தெரியாதா எனக்கு.

கடைத்தெருவில் ஹாஜி குர்பானிடம் போனேன். நீ சொன்னபடி ஈரத் துணியை எடுத்ததும் அவர் எழுந்தே விட்டார்.

"என்னம்மா, கம்பளம் வாங்க வந்தியா, துணி துவைக்க வந்தியா?"

"என் கொழுந்தன் இஞ்சினியர், ஹாஜி. அவன்தான் தேச்சுப் பார்க்கச் சொன்னான்."

"நல்லாயிருக்கு! பொண்ணு பார்க்கப் போறப்பவும் ஈரத் துணியோட போகச் சொல்லு அவனை!"

துணி வெள்ளையாகவே இருந்தது. ஹெரிஸ் ஊர்க் கம்பளம். நடுவில் பெரிய எட்டுமூலைப் பூ. ஓரத்தில் ஓரிடத்தில் சிவப்பு சற்று வெளிறியிருக்கிறது. நெய்தவளுக்கு நூல் தீர்ந்து புதுச் சாயம் போட்டிருப்பாள். நீ குறை என்பாய். எனக்கு அதுதான் பிடித்தது.

ஹாஜி ஒன்று காட்டினார். கம்பளத்தின் ரோமம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பூனை முதுகு மாதிரி. ஒரு முனையில் நின்று பார்த்தால் மாதுளை முத்து. எதிர் முனையில் நின்றால் அதே கம்பளம் உறைந்த ரத்தம் போல இருட்டு. நான் வெளிச்ச முனையை வாசல் பக்கம் போடப் போகிறேன். போருக்குப் போகும்போது உன் அண்ணன் வெறும் சிமெண்டுத் தரையைப் பார்த்து, "ஒரு சிவப்புக் கம்பளம் விழுந்துட்டா இது வீடாயிடும் சோனா" என்றார். கதவைத் திறந்ததும் அது அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

அதுவரை சுருட்டிச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறேன். முதல் கால் அவருடையதாக இருக்கட்டும். நான் பழையபடி ஜன்னலடியில் சாக்கு விரித்துத்தான் தைக்கிறேன். தெருவில் வீட்டுக்கு வீடு கம்பளங்களைச் சுவரில் தொங்கவிட்டு, ஆடு கட்டி வைத்துக் காத்திருக்கிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடு.
சோனா

அபாதான்
12 செப்டம்பர் 1990

அன்புள்ள அண்ணிக்கு,

சுருட்டி வைக்காதீர்கள்! சுருட்டிய கம்பளியில் பூச்சி முட்டை வைக்கும், வசந்தத்தில் பிரித்தால் சல்லடையாக இருக்கும். கையால் நெய்தது கால் பட்டால்தான் படியும், மினுங்கும். ஹாஜியைக் கேளுங்கள், கூட்டம் நடக்கட்டும் என்று புதுக் கம்பளத்தைத் தெருவில் விரித்து வைப்பவர்கள் அவர்கள். பிரித்துப் போட்டு நீங்களே நடங்கள். அண்ணன் கால் வேறு, உங்கள் கால் வேறா?

இன்னொன்று. அண்ணனின் படைப்பிரிவைச் சேர்ந்த இஸ்மாயில் என்பவர் ஈராக் கைதி முகாமிலிருந்து திரும்பி அஹ்வாஸ் மருத்துவமனையில் இருக்கிறாராம். வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். இப்போதே சாமான் துலக்க ஆரம்பித்துவிடாதீர்கள்.

அராஸ்

தப்ரீஸ்
28 செப்டம்பர் 1990

தம்பி அராஸ்,

இரண்டு வெள்ளிக்கிழமை போய்விட்டது. உன் கடிதம் இல்லை.

பக்கத்துத் தெரு ஹாஷிம் வந்துவிட்டான். அவன் அம்மா வாசலிலிருந்து உள்ளறை வரை வீட்டிலிருந்த கம்பளத்தையெல்லாம் விரித்திருந்தாள். நானும் தட்டில் வெல்லக்கட்டியோடு போனேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பளத்தில் ஏறாமல் சுவரை ஒட்டி, தெரிகிற தரையில் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து வைத்து நடந்தான்.

"ஏறி நடடா ராசா, உனக்குத்தானே போட்டிருக்கேன்!"

"அழுக்காயிடும்மா" என்றான்.

அவள் முட்டி போட்டு அவன் பாதத்தைத் தூக்கிக் கம்பளத்தின் மேல் வைத்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். என்னவரும் அப்படி வந்தால் நானும் அதைத்தான் செய்வேன். அப்படியாவது வரட்டும்.

அராஸ், எதையும் போட்டு உடைக்கிறவன் நீ. கல்யாணப் பந்தலிலேயே உங்கள் அப்பாவிடம் சோறு குழைந்துவிட்டது என்று சொன்னவன். இப்போது ஏன் வாய் மூடிக்கொண்டாய்? நேரில் வந்து சொல்கிறேன் என்று விடுப்புக்குக் காத்திருக்காதே. எழுதிவிடு. தபால்காரன் மணியடிக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வருகிறது.

சோனா

அபாதான்
6 அக்டோபர் 1990

அண்ணி,

அண்ணன் இல்லை.

சதுப்பில் சாகவில்லை. பிடிபட்டிருக்கிறார். பெயர் பதியாத முகாம், அதனால்தான் கடிதமே இல்லை. முதல் குளிர்காலத்திலேயே வயிற்றுப்போக்கில் போய்விட்டார். தலை இஸ்மாயிலின் மடியில் இருந்ததாம். நான் அவரைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன், அடையாளம் கேட்டேன், அதட்டிக்கூடக் கேட்டேன். புருவத் தழும்பைச் சொன்னார். உங்கள் பெயரைச் சொன்னார். சந்தேகத்துக்கு இடமில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் வார்த்தைகள் எதற்கும் உதவாது.

"தரையில விரலால ஒரு அறை வரைவாரு தம்பி. 'இது கதவு, இது ஜன்னல், ஜன்னலடியில சோனா'ம்பாரு. நடுவுல ஒரு செவப்புக் கம்பளம். நானும் கம்பளக்கார வீட்டுப் புள்ளதான், 'வெளிச்ச முனைய வாசலுக்குப் போடுங்க, வர்றவன் பார்க்கணும்ல'ன்னு தினம் சண்டை போடுவேன். ஒத்துக்கவே மாட்டாரு. 'வர்றவன் ஒரு தடவ பார்ப்பான். அவ பொழுதன்னைக்கும் அங்கதான் உக்காந்து தைக்கிறா, அவளுக்குத் தெரியட்டும்'பாரு."

அண்ணி, நான் கம்பளத்தைப் பற்றி எவ்வளவோ எழுதினேன். இப்போது அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஹாஜியிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லவும் கை வரவில்லை. மாதக் கடைசியில் விடுப்பு. வருகிறேன்.

அராஸ்

தப்ரீஸ்
19 அக்டோபர் 1990

என் அராஸுக்கு,

கடிதம் வந்தது. உட்கார்ந்துதான் படித்தேன்.

இரண்டு வருடமாக ஊரே சொல்லியும் உடுத்தாத கறுப்பை உடுத்திக்கொண்டேன். துக்கம் கேட்க ஆட்கள் வர ஆரம்பித்ததும் அவர்களை வெறும் சிமெண்டில் உட்கார வைக்க மனம் வரவில்லை. கம்பளத்தைப் பிரித்தேன். பூச்சி இல்லை. ஹாஜி குர்பான்கூட வந்தார், பேரீச்சையும் அல்வாவும் எடுத்துக்கொண்டு. வாசலில் நின்று பார்த்துவிட்டு, "திருப்பிப் போட்டுட்டியேம்மா, இருட்டு முனையில்ல வாசலுக்கு வந்திருக்கு" என்றார். "சரியாத்தான் இருக்கு ஹாஜி" என்றேன்.

முதல் கால் அவருக்கென்று வைத்திருந்தேன். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தெருவெல்லாம் வந்து நடந்து போனது. நீ சொன்னது சரிதான், கால் பட்டதில் படிந்திருக்கிறது.

சாக்கை எடுத்துவிட்டேன். ஜன்னலடியில் கம்பளத்தின் மேலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். சாயங்கால வெயில் வந்திருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் மாதுளை.

கோதுமை நிறத் திரையும் தைத்துவிட்டேன். நீ வந்து மாட்டு, எனக்கு எட்டாது.

வாசலில் நின்றால் உனக்கு இருட்டாகத்தான் தெரியும், தம்பி. ஓரமாகச் சுற்றி வராதே. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நடந்து என் பக்கம் வா.

சோனா