ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்பா

3 டிசம்பர் 2025, புதன்

காலையில் அப்பா இட்லிமேல் சாம்பாருக்குப் பதில் காபியை ஊற்றிக்கொண்டார். "நல்லா இருக்காப்பா?" என்றேன். "சரி" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

பக்கவாதம் வந்து பதினாலு மாதம். அவரிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். வலிக்குதா, சரி. பசிக்குதா, சரி. ஃபேன் போடவா, சரி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் சத்தம் போட்டே வேலை வாங்கின மனுஷன்.

சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் மருதை அண்ணனோடு கூட்டம். வைகுண்ட ஏகாதசிக்கு வருகிறவர்களுக்காக உதவி மையம் நடத்தும் தன்னார்வக் குழுவுக்கு அவர்தான் தலைவர். இந்த வருஷம் இருபத்திரண்டு மையம். கூட்டத்தில் தொலைந்து வந்து சேர்கிறவர்களை ஒரு மையத்தில் போனில் பதிந்தால், மற்ற எல்லா மையத்திலும் தேடிப் பார்க்கலாம். பேர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பச்சைச் சேலை, லால்குடி, கையில் மஞ்சப்பை என்று போட்டாலே போதும். அதற்கு எங்கள் கம்பெனி மூன்று தேடல் சர்வர் இலவசமாகத் தருகிறது. அதுகளை யார் கண்காணிப்பது என்று கேட்டதும் கையைத் தூக்கிவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

4 டிசம்பர்

ஏன் என்று இங்கேயாவது எழுதலாம்.

போன ஏகாதசி, ஜனவரி பத்து. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அப்பா கேட்டைத் திறந்து போய்விட்டார். எந்த பஸ்ஸில் ஏறினாரோ, எங்கே மாறினாரோ, இன்றுவரை தெரியாது. ஸ்ரீரங்கத்தில் இறங்கியிருக்கிறார். ஒன்பதாம் நம்பர் மையத்தில் உட்காரவைத்து டீ கொடுத்து, நோட்டிலும் எழுதியிருக்கிறார்கள்: பெரியவர், பேச்சு வராது. ரெண்டாம் நம்பர் மையத்தில் நான் கேட்டபோது அவர்கள் நோட்டில் அது இல்லை. எப்படி இருக்கும்? ஆறு மணி நேரம். கடைசியில் நானே பார்த்துக் கண்டுபிடித்தேன். "பயந்துட்டீங்களாப்பா?" என்றேன். "சரி" என்றார்.

இந்தத் தடவை ஒருத்தரும் அப்படி உட்கார்ந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

9 டிசம்பர்

கண்காணிப்புத் திரை தயார். மூன்று சர்வரும் பச்சை. ஏதாவது கோளாறு என்றால் எங்கள் குழுவின் வாட்ஸ்அப்புக்குத் தானாக எச்சரிக்கை போகும். இன்று சோதனைக்கு ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். எட்டு பேரும் கட்டைவிரல் போட்டார்கள். எழுந்து போய்ப் பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை. நல்லா இருக்கு லட்சணம்!

14 டிசம்பர், ஞாயிறு

ஒத்திகை சொதப்பல். ரெண்டாம் மையத்தில் பதிந்ததை ஏழாம் மையத்தில் தேடினால் ஒன்றுமே வரவில்லை. பதிவுகளைச் சர்வருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் புரோகிராம் பாதியிலேயே நின்றுபோயிருக்கிறது. திரையிலோ எல்லாம் பச்சை. கூட வேலை பார்க்கும் நஸ்ருல்லா, "அக்கா, பச்சையாத்தானே இருக்கு" என்றான். "பச்சையை வெச்சு என்னடா பண்றது, பொரியலா?" என்று கத்திவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான். அந்தப் பச்சையை எழுதினதே நான்தான்.

16 டிசம்பர்

அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜெஸிமா வந்திருந்தாள். நான் அப்பாவிடம் பேசுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, நீங்க கேக்குறது எல்லாத்துக்கும் சரின்னே பதில் சொல்லிடலாம். அப்புறம் அவர் ஏன் வேற வார்த்தையைத் தேடப் போறார்? பதில் உங்களுக்குத் தெரிஞ்சதாக் கேளுங்க. உங்க பேர் என்னப்பான்னு கேளுங்க. தினம் கேளுங்க."

கேட்டேன். "சரி" என்றார்.

அவள் போன பிறகும் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சர்வரிடமும் நான் இதைத்தானே செய்கிறேன்? நல்லா இருக்கியா, நல்லா இருக்கியா என்று கேட்டுக்கொண்டு. பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்டேனா?

18 டிசம்பர்

செய்துவிட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பொய் ஆள் தொலைந்து வந்தவராகத் தானே பதிவாவார். உடனே புரோகிராமே அவரைத் தேடும். கிடைத்தால்தான் பச்சை. மையத்தில் இருப்பவர்கள் கண்ணில் அவர் படமாட்டார்.

ஆள் யார் என்று எழுதும் இடத்தில் கை தானாக ஓடியது. சவரிராயன், வயது 71, பொன்மலை, நீலக் கட்டம் போட்ட லுங்கி, பேச்சு வராது. எச்சரிக்கையிலும் அதே அடையாளங்களோடு எழுதினேன்: "சவரிராயனைக் காணவில்லை."

"அக்கா, அப்பா பேரா?" என்றான் நஸ்ருல்லா. ஆமாம் என்றேன்.

வேலைக்கு நடுவே அந்தத் திரையை அடிக்கடி பார்க்கிறேன். 11.05, கிடைத்தார். 11.10, கிடைத்தார். என்னவோ, அதைப் பார்த்தால் சோறு இறங்குகிறது.

25 டிசம்பர்

கிறிஸ்துமஸ் பூசைக்கு அப்பாவையும் கூட்டிப்போனேன். பாட்டு வந்தபோது உதடு அசைந்தது. பேர் கேட்டேன். "சரி."

29 டிசம்பர்

மருதை அண்ணனையும் மைய ஆட்கள் மூன்று பேரையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தாயிற்று. அப்பாவைப் பக்கத்து வீட்டு பெலிண்டா பார்த்துக்கொள்கிறாள். கேட்டுக்குப் பூட்டு.

30 டிசம்பர், செவ்வாய் – ஏகாதசி

வரிசையா எழுதிப் பாக்குறேன்.

காலை ஆறு மணியிலேர்ந்து அம்மா மண்டபத்துக்கிட்ட உள்ள மையத்துல லேப்டாப்போட உக்காந்திருந்தேன். 9.10-க்கு ஓர் எச்சரிக்கை: டிஸ்க் நிறையுது. மையத்துல எடுக்குற போட்டோ எல்லாம் அங்கதான் சேருது. குழுவுல கட்டைவிரலா விழுந்துச்சு. நானும் போட்டேன். ஆமா, நானும்தான்! நஸ்ருல்லா பாத்துக்குவான்னு நெனச்சேன். அக்கா பாத்துக்குவாங்கன்னு அவன் நெனச்சிருக்கான்.

9.35-க்கு டிஸ்க் நெறஞ்சு சர்வர் தன்னைத்தானே பூட்டிக்கிச்சு. பழசைத் தேடலாம், புதுசா ஒண்ணும் பதியாது. அடுத்த தேடல் வர்ற வரைக்கும் நெறம் பச்சைதான்.

9.40. போன்ல: சவரிராயனைக் காணவில்லை.

நானே எழுதின வரி. யாருன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் மொதல்ல வீட்டுக்குத்தான் அடிச்சேன். "பெலிண்டா, அப்பா இருக்காரா?" "இருக்கார்டி, டிவி பாக்குறார், ஏன்?" அப்புறம்தான் சர்வர் ஞாபகமே வந்துச்சு.

அதுக்குள்ள ஒலிபெருக்கில மருதை அண்ணன் குரல். "பொன்மலை சவரிராயன், வயசு எழுபத்தொண்ணு, நீலக் கட்டம் போட்ட லுங்கி, பேச்சு வராது. பார்த்தவங்க பக்கத்து மையத்துக்கு வாங்க!" ஐயோ, அந்த மனுஷனுக்கு விஷயத்தைச் சொல்லவே மறந்திருக்கேன். டிஸ்க்குன்னப்ப அசையாத கூட்டம் இப்ப அத்தனை பேரும் எழுந்து அப்பாவைத் தேடிக்கிட்டு ஓடுது.

அண்ணனுக்குப் போன் போட்டா எடுக்கல. சரி, ஓடட்டும்னு விட்டுட்டு நானும் நஸ்ருல்லாவும் போட்டோவை எல்லாம் வேற எடத்துக்கு மாத்திப் பூட்டை எடுக்கும்போது 10.02.

ஆனா மெஷின் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே மைக் கண்டுபிடிச்சிடுச்சு. ஒன்பதாம் மையத்துலேர்ந்து ஒரு பொண்ணு குழுவுல எழுதினா: "பேச்சு வராத ஒருத்தர் இங்க இருக்கார். ஆனா ஐம்பது வயசுதான், வேட்டி." அண்ணன் அதையும் அப்படியே மைக்ல சொன்னார். ரெண்டாம் மையத்துல மருங்காபுரி மலர்க்கொடின்னு ஒருத்தங்க அரை மணி நேரமா அழுதுக்கிட்டு நின்னிருக்காங்க. பிறவியிலேயே பேச்சு வராத அவங்க அண்ணன், கை விட்டுப் போயிட்டார். மூணு தடவை தேடியும் இல்லைன்னே வந்திருக்கு. ஒன்பதுல அவரைப் பதியப் பதிய சர்வர் வாங்கவே இல்ல. ஒலிபெருக்கியைக் கேட்டதும் ஒன்பதுக்கு ஓடியிருக்காங்க. அவரேதான்.

அதே ரெண்டு. அதே ஒன்பது. நான் தனியா நின்னு நல்லா அழுதேன்.

மருதை அண்ணன் வந்தார். "தங்கச்சி, சவரிராயன் மட்டும் இன்னும் கிடைக்கலையே" என்றார். யாருன்னு சொன்னேன். கோபப்படுவாருன்னு நெனச்சேன். "நல்லவேளைம்மா, வீட்லதானே இருக்கார்" என்றார்.

31 டிசம்பர்

டிஸ்க் எச்சரிக்கை இனி பொறுப்பான ஒரு ஆள் பேரோடுதான் வரும். கட்டைவிரல் போட்டால் போதாது. "நான் பார்க்கிறேன்" என்று எழுத வேண்டும்.

அப்பாவிடம் பேர் கேட்டேன். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் "சரி."

11 ஜனவரி 2026, ஞாயிறு

ஏகாதசியோடு தொடங்கும் பத்து நாள் இராப்பத்து முடிந்து நேற்று சர்வர்களை நிறுத்திவிட்டோம். ஆறாயிரத்து அறுநூறு தடவைக்கு மேல் அப்பாவைத் தேடியிருக்கிறது. கிடைக்காமல் போனது ஐந்து தடவை. கடைசி வரி, மாலை 3.55, கிடைத்தார். அதற்கப்புறம் திரை கறுப்பாக இருந்தது. எனக்கு வீட்டுக்குப் போகணும்போல இருந்தது, போய்விட்டேன்.

இன்று பூசை முடிந்து வந்து கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் மருதை அண்ணன். மலர்க்கொடி கொடுத்தனுப்பிய வேர்க்கடலை ஒரு பை நிறைய. வீட்டுக்குள் வந்தும் மைக் குரல்தான் அவருக்கு. தெரிந்துகொண்டே, அப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

"அன்னிக்கு எங்களை இந்த ஓட்டம் ஓட விட்டாரே, யாருங்க அந்தச் சவரிராயன்?"

நான் கரண்டியோடு எட்டிப் பார்த்தேன், நானே பதில் சொல்லத்தான். அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். நல்ல கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். வாய் கோணி, திறந்து, மூடி, மறுபடி திறந்து –

"நா…ன்."

அண்ணன் அப்படியே அப்பா காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குழம்பு அடிப்பிடித்தது. போனால் போகிறது.

அண்ணன் கிளம்பும்போது வாசலில் நின்று போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். குழுவில் பார்த்தேன்: "சவரிராயன் கிடைத்துவிட்டார்." கட்டைவிரல் வரிசையாக விழுந்தது. நானும் ஒன்று போட்டேன்.