மழை வருகுதாம்

கிரான்
பங்குனி, வியாழக்கிழமை

என் அன்பு மகள் கம்சாயினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, தம்பி, நான், மாடு கன்று எல்லாரும் சுகம். உன் உடம்பும், முக்கியமாய் உன் தொண்டையும், சுகமாயிருக்கட்டும் என்று சித்தாண்டி முருகனை நினைத்துக்கொண்டுதான் பேனையைப் பிடித்தேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று சிரிப்பாய். நாள் முழுக்கக் கடன்காரருடன் போனில் மாரடித்துவிட்டு அறைக்கு வந்தபிறகு அந்தச் சத்தமே வேண்டாம் என்று நீதானே சொன்னாய். அதோடு போனில் நான் ஏதாவது சொன்னால் 'எத்தனையாம் திகதி என்று உறுதியாய்ச் சொல்லுங்க' என்று என்னிடமும் ஆபீஸ் குரலில் கேட்கிறாய், எனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகிறது. போன கிழமை நீ அப்படிக் கேட்டது உனக்கு அரிசிமா அனுப்புகிற கதைக்கு.

இந்த முறை வெள்ளாமை பரவாயில்லை. அப்பா வட்டை வயலிலிருந்து கறுத்துப்போய் வந்தார். நெல்லை வீட்டுக்கு முன்னால் றோட்டோரம் காயப் போட்டிருக்கிறோம். தம்பி நிதுர்ஷன் படிக்கிறேன் என்று போனைத்தான் பார்க்கிறான், நீ ஒருதரம் ஏசி எழுது, உன் ஏச்சுக்குத்தான் அவன் பயம். இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

கொழும்பில் இருந்துகொண்டே போனில் கூப்பிடும் அறவீட்டு எழுதுவினைஞராய் இருப்பதா, மட்டக்களப்புக் கிளைக்கு வந்து கிரான், வாழைச்சேனைப் பக்கம் வீடு வீடாய்ப் போய்க் கடன் அறவிடுகிற வேலையை எடுப்பதா, மாதக் கடைசிக்குள் பதில் கொடுக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள் அம்மா என்று என் தலையில் போட்டுவிட்டாய். வெளிவேலை செய்தால் மேற்பார்வையாளர் ஆகலாம், அதற்குப் பிறகு முகாமையாளர், வாகனமும் தருவார்கள் என்கிறாய். போனிலேயே இருந்தால் அந்த வேலையைக் கொஞ்ச நாளில் கொம்பியூட்டரே செய்துவிடும் என்றும் சொல்கிறாய். கூப்பிடுகிற வேலையைக் கொம்பியூட்டர் செய்யட்டும், சனத்திடம் ஏச்சு வாங்குகிற வேலையையும் அதுவா செய்யும் என்று எனக்கு விளங்கவில்லை. நீ ஊரோடு வந்து சேர வேண்டும் என்று நேர்த்தி வைத்தவள் நான். முருகன் கேட்டதைத் தந்துவிட்டார். இந்த விதமாய்த் தருவார் என்று நான் நினைக்கவில்லை பிள்ளை.

ஒரு பகிடி சொல்கிறேன் கேள். அன்றைக்கு நெல்லைப் பரப்பிவிட்டு இருக்கிறேன், வெயில் மண்டையைப் பிளக்கிறது. முன் வளவில் ஒருத்தி 'மழை வருகுது, மழை வருகுது' என்று கூப்பிடுகிறாள், அதைக் கேட்டு அடுத்த வளவில் இன்னொருத்தி. நான் விழுந்தடித்து ஓடி நெல்லையெல்லாம் குவித்துப் படங்கைப் போட்டு மூடினேன். இடுப்பு நாரி விட்டுப்போயிற்று. நிமிர்ந்து பார்த்தால் வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை, தெருவில் ஈ காக்கை இல்லை, ஒரு இளந்தாரி மட்டும் தோளில் கறுப்புப் பையோடு மோட்டார் சைக்கிளில் போகிறான். மற்றக் கிழமையும் இதே கூத்து, மறுபடியும் நெல்லை அள்ளினேன். பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளையிடம் ரேடியோவில் ஏதும் சொன்னார்களா என்று கேட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது லோன்காரன் வாறான் எண்டு சொல்ற சொல்லு கா. நீ போய் நெல்லை அள்ளுறாய்" என்றாள். அப்பா ஒருநாளும் லோன் எடுக்க விடாதபடியால் அந்தச் சொல்லை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை என்றுதான் நினைத்தேன். அவள் சிரித்து முடித்தபிறகு என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உன் நினைப்பு வந்தது. உன் வேலைக்காகத்தான் எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

ஆச்சிப்பிள்ளையின் லோன் உங்கள் கொம்பனியில்தான். கோழிக்கூடு போட எடுத்தாள், கோழியெல்லாம் நோயில் போய்விட்டது, கடன் மட்டும் நிற்கிறது. எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சிப் போத்தலோடு என் கட்டிலடியில் இருந்தவள் அவள், உனக்குத் தெரியும். நீ இங்கே மாறி வரக்கூடும் என்று சொன்னேன். முகம் கறுக்கும் என்று நினைத்தால் அவளுக்கு ஒரே சந்தோஷம். "நல்லம் கா. தெரிஞ்ச புள்ள. இல்லையெண்டா விளங்கிக்கொண்டு போயிடும்" என்றாள். ஒழுங்கையில் மற்றவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். எனக்கும் மனம் குளிர்ந்துதான் போனது. பிறகு சோறு வடிக்கும்போது நீ போனில் சொன்னது ஞாபகம் வந்தது, உன் ஆபீஸ் பெரியவரும் இதே சொல்லைத்தானே சொன்னார், தெரிந்த பிள்ளை போய்க் கேட்டால் இல்லை என்று சொல்லச் சனம் கூசும் என்று. இவர்களும் தெரிந்த பிள்ளை என்கிறார்கள், அவரும் தெரிந்த பிள்ளை என்கிறார். யாருக்குத் தெரிந்த பிள்ளையாய் நீ வரப்போகிறாய் என்று யோசித்து யோசித்து அன்றைக்குச் சோறு குழைந்துபோயிற்று.

அப்பாவிடம் கேட்டால், அரசாங்க வேலைக்கு எழுதிப் போடச் சொல்லு என்பதோடு சரி. ஏறாவூர்ச் சாலிஹ் நானா புடவை மூட்டையோடு வந்தார், தவணைக்குக் கொடுத்து வாங்குகிற மனுசன் வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். "எனக்கொரு மகள் இரிந்தா நாளைக்கே சேர்ப்பன் தங்கச்சி. சனம் தராட்டியும் சம்பளம் வரும்தானே" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். அவர் வந்தால் ஒருத்தரும் மழை என்று கூப்பிடுவதில்லை, அதையும் கவனித்தேன். அதற்குக் காரணம் என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று, இதை உன்னிடம் சொல்லாமல் விட மனம் வரவில்லை. திங்கட்கிழமை அந்தக் கறுப்புப் பைப் பொடியன் வெயிலில் வாடி வந்து எங்கள் வேப்பமரத்தடியில் நின்றான். மூதூராம், தாய் மட்டும்தானாம். தண்ணீர் கேட்டான், தேசிக்காய் பிழிந்தே கொடுத்தேன், உன்னை நினைத்துத்தான் கொடுத்தேன். நீயும் யாரோ ஒருத்தியின் வாசலில் இப்படி நிற்பாயோ என்று இன்னொரு குவளையும் ஊற்றினேன். பக்கத்து வீட்டில் ஆள் இல்லையா அம்மா என்று கேட்டான். காலையிலிருந்து காணவில்லை தம்பி என்று சொன்னேன். ஆச்சிப்பிள்ளை அந்த நேரம் எங்கள் குசினிக்குள் அடுப்படியில் குந்திக்கொண்டிருந்தாள். அவன் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான். பொய் சொன்ன வாய் எனக்கு இன்னும் கசக்கிறது, ஆனால் அவளைக் காட்டிக் கொடுத்திருந்தால் இதைவிடக் கசந்திருக்கும்.

அவன் வாசலோடு போய்விட்டான். நீ போகமாட்டாயே பிள்ளை. எந்தப் பயணம் போய் வந்தாலும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே குசினிக்குத்தானே நுழைவாய், பானையில் என்ன கிடக்கிறது என்று பார்க்க. அப்போது அவளை நான் எங்கே வைப்பேன். நீ அவளைக் கண்டுவிட்டு என்ன செய்வாய், உன் பெரியவருக்கு என்ன சொல்வாய். வா என்று எழுதினால் அந்தக் குசினி கண்ணில் வருகிறது, வராதே என்று எழுதக் கை போகுதில்லை. உன்னைக் காணாமல் எனக்கு ஒவ்வொரு நாளும் வீடு வெறித்துக் கிடக்கிறது, அதுதான் உண்மை. நீ கேட்டபடியால் என் மனதில் உள்ளதை அப்படியே எழுதிவிட்டேன். வருசப் பிறப்புக்கு எப்படியும் வா, அந்த ஆபீஸ் பையை மட்டும் கொழும்பிலேயே வைத்துவிட்டு வா. வந்து நாலு நாள் இருந்து பார்த்துவிட்டு முடிவெடு என்றால் அதற்குள் மாதம் முடிந்துவிடும், அதுவும் சரிவராது.

மல்லித் தண்ணீர் அவித்துக் குடி, தொண்டைக்கு நல்லது. காலையில் சாப்பிடாமல் போகாதே. சனம் ஏசினால் மனதில் வைத்துக்கொள்ளாதே, அவர்கள் ஏசுவது உன்னை அல்ல. முருகன் உன் பக்கத்திலேயே நிற்கட்டும், நீ நல்லாயிருப்பாய்.

இந்தா, எழுதி முடிக்கவில்லை, முன் வளவில் மழை வருகுது என்று கூப்பிடுகிறார்கள். வானமும் கொஞ்சம் இருட்டித்தான் கிடக்கிறது. இது எந்த மழையோ தெரியவில்லை. நெல்லை அள்ளப் போவதா, குசினிக் கதவைத் திறந்து வைப்பதா என்று நிற்கிறேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
இலட்சுமிப்பிள்ளை