தெருவில் கொட்டிய கஷாயச் சக்கை

அக்கா,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று காலை பசுந்தாங் மார்க்கெட் பக்கம், முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரைப் பார்த்து நாக்கை முழுசாக நீட்டிவிட்டேன். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பக்கத்துச் சீன மருந்துக் கடையில் யாரோ, ஊசி வைத்தியத்தில் சூடு காட்டுகிற மாசிபத்திரிச் சுருட்டைக் கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும், நோய் பார்க்கும்போது "நாக்கைக் காட்டு" என்று நீங்கள் சொல்வது போலவே இருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. மனிதர் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். நான் தலையைக் குனிந்து கத்தரிக்காய் பொறுக்குவது போல நின்றேன். அது செருப்புக் கடை.

ஆற்றைத் தாண்டி டாலாவில் உங்கள் வைத்தியசாலைக்குள் நுழைந்தால் முதலில் அந்தப் புகைதான். தகரக் கூரை, மரக்கட்டில்கள், சுவர் நிறைய மருந்து இழுப்பறைகள். ஃபெரியை விட்டு இறங்கி, சைக்கா ரிக்‌ஷா மிதிக்கிறவரிடம் "சயாமா வீடு" என்றால் போதும், கொண்டுவந்து விட்டுவிடுவார். ஊருக்கு நீங்கள் சயாமா, வைத்தியரம்மா. அப்பா சீனர் என்றாலும் அம்மா எங்கள் பசுந்தாங் தமிழச்சி, அதனால் எனக்கு அக்கா. நான் தோள் வலி என்று வந்தவள். வலி போன பிறகும் போகாமல் ஒட்டிக்கொண்டேன்.

முதலில் என்னை நோயாளிகள் பக்கத்தில்தான் உட்கார வைத்தீர்கள், ஊசிக்குப் பயந்தவர்களுக்குப் பேச்சுத் துணையாக. அதைக் கெடுத்தது என் வாய். சைக்கா மிதிக்கிற முத்து அண்ணன், ஊர்ப் பேச்சில் கோ முத்து, இடுப்புப் பிடிப்புக்காகக் குப்புறப் படுத்திருந்தார். முதுகெல்லாம் ஊசி.

"அசையாதீங்க கோ முத்து. இப்ப உங்களைத் தொட்டியில நட்டா கள்ளிச்செடின்னு வித்துடலாம்."

மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஊசியெல்லாம் சேர்ந்து ஆடியது. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

"சிரிச்சா தசை இறுகும், ஊசி வளையும். நீ அடுப்படிக்குப் போ செல்வி."

"நான் என்னக்கா பண்ணேன்?"

"வாயைத் தொறந்தே. போதும்."

அன்றிலிருந்து கஷாயம் காய்ச்சுவது என் வேலையாயிற்று. அதிமதுரம், பட்டை, பேரீச்சை மாதிரி ஒரு சிவப்புப் பழம், பெயர் தெரியாத வேர்கள். மண்சட்டியில் போட்டுப் பாதிக்கும் கீழே வற்றவிட்டால், தெருவே மூக்கைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு ஒரு நாள் நீங்கள் சின்னக் கண்ணாடியை எடுத்து உங்கள் நாக்கையே பார்த்தீர்கள். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தீர்கள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லே. வெத்தலைக் கறை."

நீங்கள் வெற்றிலை போடுவதே இல்லை.

அக்கரையில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வயிற்றில் கட்டி, கைமீறிவிட்டது என்றார்கள். நீங்கள் திரும்பி வந்து, உங்களுக்கான மருந்தை நீங்களே இழுப்பறைகளிலிருந்து எடுத்து வைத்தீர்கள். "குணமாகறதுக்கு இல்லே செல்வி. வலி விட்டா கொஞ்சம் தூங்கலாம், அதுக்குத்தான்" என்றீர்கள். எனக்கு அது போதவில்லை.

உங்கள் அப்பா வழியில் ஒரு பழக்கம் உண்டு. கஷாயம் வடித்த சக்கையைத் தெருவில் கொட்டுவார்கள். போகிறவர் வருகிறவர் காலில் மிதிபட்டு நோய் வீட்டை விட்டுப் போய்விடுமாம். நீங்கள் அதை நம்பியதில்லை, வாழை மரத்தடியில் போடச் சொல்வீர்கள். எனக்கும் அது நாம் பூசணிக்காய் உடைக்கிற சமாசாரம் போலத்தான் பட்டது. நம் நோயை அடுத்தவன் தலையில் கட்டுவானேன்? ஆனால் உங்களுக்கென்று காய்ச்சியபோது அந்த நியாயமெல்லாம் பறந்துவிட்டது. நேராக வாசல் தெருவில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

மழைக்காலம், தெருவில் ஆளே இல்லை. கோ முத்து வந்தார். அவருக்கும் இந்தப் பழக்கம் தெரியும். சக்கையைக் கண்டதும் சைக்காவை வளைத்து ஓரமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை துள்ளிக்கொண்டு வந்தது. இதற்காகத்தானே காத்திருந்தேன்? "அந்தப் பக்கமா போம்மா, இங்க சேறு" என்று நானே விரட்டினேன். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நானே ஏறி மிதித்தேன்.

ஜன்னலில் உங்கள் குரல்.

"ஏய், அங்க என்ன கூத்து?"

"நடக்கிறேன்க்கா."

"ஒரே எடத்துலயா?"

"என் காலு, என் இஷ்டம்."

"செல்வி, அது என்னோட நோய்."

"முழுசும் நீங்களே வச்சுக்கணுமா? ஒரு பங்கை இந்தப் பக்கம் தள்ளுங்க."

நீங்கள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

நோய் எனக்கு வந்து சேரவில்லை. சக்கை வழுக்கிவிட்டது. விழுந்த வேகத்தில் கணுக்கால் பிசகி, நொண்டிக்கொண்டே உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். நீங்கள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, முக்காலியில் அமர்ந்து, என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டீர்கள். ஊசியை எடுத்தீர்கள். "இப்பவாவது வாயை மூடிட்டு உக்காரு" என்றீர்கள். நீங்கள் யாருக்கும் போட்ட கடைசி ஊசி அதுதான்.

ஊசி இறங்கியதும் கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்தீர்கள். அப்படியே தூங்கிப் போனீர்கள். வலி தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்து, நல்ல குறட்டை. என்னிடம் இன்னும் இருப்பது அந்தக் குறட்டைதான் அக்கா. இப்போதெல்லாம் ஃபெரியில் யாராவது என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டால் எழுப்புவதில்லை. கரை வந்த பிறகும் கொஞ்சம் பார்த்துத்தான் எழுப்புகிறேன்.

அன்று அடுப்பில் உங்களுடைய அடுத்த வேளை மருந்து கொதித்துக்கொண்டிருந்தது. காலில் ஊசி இருந்ததால் எழுந்து போக முடியாது. யாரையாவது கூப்பிட்டால் நீங்கள் விழித்துக்கொள்வீர்கள். முதலில் தண்ணீர் வற்றியது. பிறகு வேர்கள் கருகின. பிறகு சட்டி இரண்டாகப் பிளந்தது.

நல்ல சட்டி.